சாட்சி சொல்ல ஒன்றும் இல்லாதபோது

கேள்வி பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. கேட்ட பிள்ளைக்கு இருபத்து நாலு வயது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடு) பின்னாலிருந்த மேடு சரிந்து தம்பி போய்விட்டான். அவர்கள் இருந்த லயத்து அறையான காம்பராவோடு வீட்டுச் சாமான், பைபிள் எல்லாம் மண்ணுக்குள். அம்மாவும் அவளும் சில கிழமை பாடசாலை மண்டபத்தில் இருந்துவிட்டு, இப்போது சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்கள். கிழமைக் கடன்காரர் அங்கேயும் தேடி வருகிறார். சபையில், "சோதனை வந்தால்தான் விசுவாசம் வளரும், ஆண்டவர் பொன்னைப் போல புடமிடுகிறார்" என்று ஆறுதல் சொல்கிறார்களாம். ஒருவர் மட்டும், வீட்டில் ஏதோ பாவம் இருந்திருக்கும் என்று காதுபடச் சொல்லியிருக்கிறார். "எனக்கு விசுவாசம் வளரவில்லை, தேய்கிறது. என்னில் என்ன பிழை? புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சி நேரம் வந்தால் எழும்பி வெளியே போய் நிற்கிறேன். ஒரேயடியாக நின்றுவிடலாமா?" இதுதான் அவள் கேள்வி.

மகள், நான் போதகர் இல்லை. முப்பது வருசத்துக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் இல்லாத சிறு சபைகளுக்குப் போய் வேதம் வாசித்துப் பேசுகிறவள். செத்த வீடுகளில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உன்னில் பிழை இல்லை. உனக்குச் சொல்லப்பட்ட வசனத்தில் பாதிதான் உனக்குக் கிடைத்திருக்கிறது. உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று ரோமர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியது உண்மை. ஆனால் மாற்கு 4ஆம் அதிகாரத்தில், விதைக்கிறவன் உவமையில், இதே உபத்திரவம் வந்ததும் சிலர் இடறிப் போகிறார்கள் என்று இயேசுவே சொல்கிறார். இரண்டு இடத்திலும் மூல கிரேக்கத்தில் ஒரே சொல்தான், நம் பழைய தமிழ் வேதத்திலும் "உபத்திரவம்" என்றேதான் இருக்கிறது. ஒரே உபத்திரவம் ஒருவரை நிறுத்துகிறது, இன்னொருவரைக் கவிழ்க்கிறது. வித்தியாசம் எங்கே என்று இயேசு சொல்லிவிட்டார்: வேர் இல்லை. கஷ்டத்துக்குத் தானாக வளர்க்கும் சக்தி இருந்திருந்தால் நம் மலைநாட்டு லயங்களில் எல்லாரும் இந்நேரம் பரிசுத்தவான்களாகியிருக்க வேண்டும்.

கவாத்தை உவமை சொல்லாத பிரசங்கியார் நம் பக்கத்தில் இல்லை. யோவான் 15ஐ எடுத்தால் போதும், "தேயிலையைக் கவாத்து வெட்டினால்தானே துளிர்க்கும்" என்பார்கள். என் அப்பா கவாத்து வெட்டியவர். அவர் சொன்னதில் பாதியைத்தான் பிரசங்கத்தில் கேட்கிறோம். மேல்மலைத் தோட்டங்களில் நாலைந்து வருசத்துக்கு ஒருமுறை ஒரு மலையைக் கவாத்துக்கு விடுவார்கள். ஆனால் கத்தியோடு நேரே போய் இறங்குவதில்லை. அதற்கு முன் சில வாரம் கொழுந்து எடுக்காமல் செடியை ஓயவிட வேண்டும். பிறகு பென்சில் தடிப்பில் வேர்த்துண்டுகளை எடுத்து, குறுக்கே வெட்டி அயடின் கரைசலில் நனைத்துப் பார்ப்பார்கள். வெட்டுமுகம் கருநீலமானால் வேரில் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாமல் வெளுத்துக் கிடந்தால் வெட்டக்கூடாது, வெட்டினால் செடி காய்ந்துவிடும். இலை முழுவதும் போன பிறகு புதுத் துளிர் வருவது வேரில் சேர்ந்திருக்கும் அந்தச் சத்திலிருந்துதான். வெட்டும்போதும் சில செடிகளில் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவைப்பார்கள், செடி மூச்சுவிட. வேலையை மேற்பார்க்கும் கண்டக்கையா அவசரப்பட்டு வெட்டச் சொன்ன ஒரு மலையில் செடி செடியாகக் காய்ந்து நின்றதை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் செடிகளைப் பார்த்து "உங்களுக்கு விசுவாசம் பற்றாது" என்று யாராவது சொல்வார்களா?

ஆகவே உனக்கு இப்போது வேண்டியது வேருக்குச் சத்து. பெரிய ஆவிக்குரிய வார்த்தை எதையும் சொல்லப்போவதில்லை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும், என்னை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தேவதூதன் வந்து அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுப் படுத்துவிடுகிறான். மறுபடி எழுப்பிச் சாப்பாடு, அவ்வளவுதான். "உனக்கு இங்கே என்ன காரியம்?" என்ற கேள்வி வருவது நாற்பது நாள் நடந்த பிறகு. மழை பெய்தால் நித்திரை வருவதில்லை, கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டதும் எழும்பி உட்கார்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அது விசுவாசக் குறைவு இல்லை. அப்படி ஒரு இரவைப் பார்த்த உடம்பு அப்படித்தான் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், தேசிய மனநல உதவி எண் அது. ஜெபித்தபடியே மருந்தும் எடுக்கலாம். லூக்கா வைத்தியன்தானே.

பாவம் என்று சொன்னவரைப் பற்றி. இதில் எனக்குப் பொறுமை குறைவு, மன்னித்துக்கொள். லூக்கா 13ஐ அவருக்குக் காட்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியை எடுத்து, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். அங்கே கோபுரம், இங்கே மேடு. யோவான் 9இல் பிறவிக் குருடனைக் கண்டு "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோதும் இதே பதில்தான். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டுப்போனார்கள். புத்தகத்தின் முடிவில் தேவன் கோபித்துக்கொள்வது அவர்களைத்தான், புலம்பிய யோபுவை அல்ல.

இன்னொன்றும் பார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போன காலை நான் பாடசாலையில் இருந்தேன். அன்றும் சிலர் "கர்த்தருடைய சித்தம்" என்றார்கள். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. நல்ல நிலம் தேயிலைக்கு, மீந்த நிலம் லயத்துக்கு என்று வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கணக்கு இன்னும் முழுதாக மாறவில்லை. மனுசர் எழுதிய கணக்கைத் தேவன் பேரில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பதைப் பக்தி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இங்கேதான் பொறுமை என்ற சொல்லைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். தோட்டத்தில் பொறுமை என்றால் என்ன? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பது. கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டாலும் பேசாமல் வருவது. வேதத்தில் பொறுமை என்று பெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு, பாரத்தின் கீழே ஓடாமல் நிற்பது என்று பொருள். வாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் "மனவுறுதி" என்று இருக்கிறது. எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது.

யாக்கோபு நிருபத்தை எடு. 1ஆம் அதிகாரத்தில், பலவிதமான சோதனைகளில் அகப்படும்போது அதைச் சந்தோஷமாக எண்ணுங்கள் என்கிறார். இந்த வசனத்தை நூறு தடவை கேட்டிருப்பாய். அதே யாக்கோபு, அதே நிருபம், 5ஆம் அதிகாரம் 4ஆம் வசனம்: வயலை அறுத்த வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய காதில் விழுந்துவிட்டது என்கிறார். கூலிக்காரரை நோக்கி "சந்தோஷமாக இரு, கூலியைக் கேட்காதே" என்று அவர் எழுதவில்லை. தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை கைக்கு வர 2021 ஆனது. அந்த வருசங்களில் எங்கள் பக்கத்துப் பிரசங்க மேடைகளில் 5ஆம் அதிகாரத்தை எத்தனை பேர் வாசித்தார்கள்? நான் கேட்டது ஒரே தடவை.

இதற்குப் பழைய வேர் இருக்கிறது. 1854இல் கோப்பித் தோட்டங்களில் தமிழருக்கான மிஷன் ஊழியம் கண்டியை மையமாக வைத்துத் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் மலை மலையாக நடந்தார்கள். அவர்கள் நடை பெரிய நடை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செலவுக்குத் தோட்டத் துரைமாரும் காசு கொடுத்தார்கள். துரை காசில் நடக்கும் ஊழியத்தில் யாக்கோபு 1 அதிகமாகவும் யாக்கோபு 5 குறைவாகவும் வாசிக்கப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். வேறு மாதிரியும் ஆட்கள் வந்தார்கள். 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளரின் குடியுரிமைக்கும் சம்பளத்துக்கும் பேசுவதையே தன் ஊழியமாக்கிக்கொண்டார். அவர் தமிழரும் இல்லை, தோட்டத்தில் பிறந்தவரும் இல்லை.

சரி, வாய் திறப்பது என்றால் யாரிடம், எப்படி? அம்மாவைப் பெற்ற என் அம்மாயியிடம் நான் கற்றதைச் சொல்கிறேன்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிரிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், நாடற்று நின்ற நம் மலைநாட்டு ஆட்களைப் பங்குபோட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே. மிச்சப் பேரைப் பிறகு பங்குபோட்டார்கள். எங்கள் வீட்டில் பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது, எங்களுக்கு இலங்கை. எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் ஹட்டன் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறுகிற ஆட்களைக் கொண்டுபோகும் கோச்சிக்கு அந்தக் காலத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். மேடை முழுக்கப் பெண்கள் கட்டிப்பிடித்து ராகம் இழுத்து அழுதார்கள். அம்மாயி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. விசுவாசிகள் நம்பிக்கையற்றவர்களைப் போல ஒப்பாரி வைக்கக்கூடாது என்று உபதேசியார் சொல்லிவைத்திருந்தார். அவரும் மேடையில் நின்றார், கையில் குடையோடு.

கோச்சி நகர்ந்ததும் பெரியம்மாவின் கை ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது, மஞ்சள் கண்ணாடி வளையல் போட்ட கை. அம்மாயி கோச்சியோடு நாலடி ஓடியது. பிறகு மேடையிலேயே உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு இழுத்தது: "எதுவரைக்கும் என்ன மறந்திருப்பீரோ... எதுவரைக்கும் மூஞ்ச மறைப்பீரோ... எங் கர்த்தாவே..." ராகம் நம் ஊர் ஒப்பாரி. வார்த்தை 13ஆம் சங்கீதம். அம்மாயிக்கு எழுத்து தெரியாது, ஞாயிற்றுக்கிழமை கேட்டுக் கேட்டு மனதில் நின்ற வசனம் அது. அந்த வாரமே உபதேசியார் வீட்டுக்கு வந்து கண்டித்தார். சாயத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு அம்மாயி சொன்னது: "தாவீது பாடுனா சங்கீதம், நான் பாடுனா ஒப்பாரியாங்க?"

உபதேசியார் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வேதத்தை நிதானமாக வாசித்தால் அம்மாயி பக்கம்தான் நியாயம். நூற்றைம்பது சங்கீதத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட முறையீடுதான். "அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள்" என்று உங்கள் சுவரில் கலண்டர் தொங்கியிருக்கும். அது புலம்பல் 3இல் இருக்கிறது, ஐந்து அதிகாரப் புத்தகத்தின் நடுவில். முன்னும் பின்னும் எரிந்துபோன எருசலேம், பசியில் சாகும் பிள்ளைகள். புத்தகம் அந்த நல்ல வசனத்தோடு முடிவதும் இல்லை, எங்களை அடியோடு தள்ளிவிட்டீரோ என்ற கேள்வியோடு முடிகிறது. நம் கலண்டர்காரர் நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் கத்தரித்து விற்கிறார். சிலுவையில் இயேசு சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான். தேவன் இல்லை என்று முடிவுகட்டியவன் அவரிடம் ஏன் என்று கேட்க மாட்டான். இராத்திரி தகரச் சத்தத்தில் எழும்பி உட்கார்ந்து நீ "ஏன் ஆண்டவரே" என்று கேட்கிறாயே, தேய்கிறது என்று நீ நினைக்கும் விசுவாசம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

"தாங்க முடியாததை ஆண்டவர் கொடுக்க மாட்டார்" என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் நினைப்பது 1 கொரிந்தியர் 10:13. அது பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றியது. அதே பவுல் 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் தங்களுக்கு வந்த பாரம் தங்கள் பலத்துக்கு மிஞ்சியது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். தாங்க முடியவில்லை என்று நீ சொல்வதில் வேதத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் வளர்ச்சி எப்படி இருக்கும் என்று கேட்பாய். பலமான உணர்ச்சியாக இருக்காது. பெரும்பாலும் உனக்கே தெரியாது. கண்டியில் 1692இல் ஒற்றன் என்று சந்தேகப்பட்டு ஒரு கோவாக் குருவைச் சிறையில் போட்டார்கள். அவர்தான் யோசவ் வாஸ் முனிவர். கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலம் அது, மலைக்கு வந்தால் இங்கே சிறை. ஐந்து வருசம் கழித்து, 1697இல், அதே நகரத்தில் அம்மை பரவியபோது, எல்லாரும் விலகி ஓடிய நோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்த்தவர் அவரும் அவருடைய உறவுக்காரரான இன்னொரு குருவும். சிறையில் அவர் என்ன அனுபவித்தார் என்பதைவிட, சிறைவைத்த ஊரை விட்டுப் போகாமல் அங்கேயே கஞ்சி ஊற்றியது எனக்குப் பெரிதாகப் படுகிறது. உன்னை இப்போதே போய் யாருக்கும் ஊழியம் செய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாடசாலை மண்டபத்தில் இருந்தபோது பக்கத்துப் பாயில் கிடந்த பாட்டிக்குத் தலை வாரிவிட்டதாக ஒரு வரி எழுதியிருந்தாய். கேள்விக்குச் சம்பந்தமில்லாத வரி போல இருந்தது. நான் அதை இரண்டு தடவை வாசித்தேன்.

கடன் விசயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய லோனைக் கட்டப் புது லோனுக்குக் கையெழுத்து வைக்காதே. அம்மாவையும் வைக்க விடாதே. கடன்காரர் வரும் நாளில் தனியாகப் பேசாமல் சபையில் விபரம் தெரிந்த இரண்டு பேரைக் கூட வைத்துக்கொள், புயலில் வீடு போனதற்கான கிராம அலுவலரின் கடிதத்தையும் கையில் வைத்து அவகாசம் கேள். புடமிடுதலைப் பற்றிப் பேசியவர்களிடமே இந்த உதவியைக் கேள். வருவார்கள், பாதிப் பேராவது.

புதன்கிழமைக் கூட்டம். நிற்காதே. ஆனால் சாட்சி நேரத்தில் வெளியே போய் நிற்கவும் வேண்டாம், இல்லாத வெற்றியைச் சொல்லவும் வேண்டாம். எழும்பி 88ஆம் சங்கீதத்தை வாசி. பதினெட்டு வசனம், இரண்டு மூன்று நிமிசம் போதும். அதில் கடைசிவரை விடியாது. கூட இருந்த சிநேகிதரையும் தூரமாக்கிவிட்டீர் என்பதோடு நின்றுவிடுகிறது, "ஆனாலும் ஸ்தோத்திரம்" என்று முடிச்சுப் போடவில்லை. நீயும் போடாமல் உட்கார்ந்துவிடு. யாராவது முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும், வாசித்தது வேதம்தானே. உன்னைப் போல வெளியே போய் நிற்க நினைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் அந்த மண்டபத்தில் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போது உன் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அவர்களோடு தேத்தண்ணி குடி. சபையில் வாசிக்க மனம் வராவிட்டால் இராத்திரி அம்மாவோடு இப்போது இருக்கும் வீட்டிலேயே வாசி. அம்மாவுக்கு அழுகை வந்தால் தடுக்காதே, ராகத்தோடு வந்தாலும் தடுக்காதே.

பைபிள் மண்ணோடு போய்விட்டது என்றாயே. இப்போது இருக்கும் வீட்டு விலாசத்தை அனுப்பு. பெரிய எழுத்தில் அச்சடித்தது ஒன்று என்னிடம் உபரியாக இருக்கிறது, அம்மா கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கும், பிளாஸ்டர் போட்டு ஒட்டி அனுப்புகிறேன்.